போர்க்கால ராணுவ லாரி வேறொரு நாட்டுப் படையில் ஓடிய கதையைத் தேடுவது எப்படி?

கேள்வியின் சாரம் இது: இரண்டாம் உலகப் போரில் ஒரு நாட்டில் செய்து, இன்னொரு நாட்டுப் படையில் ஓடிய லாரிகளின் வரலாற்றை ஆராய வேண்டும். ஆலை எத்தனை வண்டி செய்தது என்ற கணக்கு எளிதில் கிடைக்கிறது. போன இடத்தில் அந்த வண்டிகளுக்கு என்ன ஆனது என்பதுதான் கிடைப்பதில்லை. எங்கே தொடங்குவது?

ஆலையில் தொடங்காதீர்கள் என்பதே என் பதில். லாரி கைமாறிய இடத்தில் தொடங்குங்கள். ஒரே படைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வரை ஒரு லாரியைப் பற்றி யாரும் அதிகம் எழுதி வைப்பதில்லை. பெட்ரோல் போட்டார்கள், டயர் மாற்றினார்கள், அவ்வளவுதான். ஒரு நாட்டின் கையிலிருந்து இன்னொரு நாட்டின் கைக்குப் போகும்போதுதான் ஒருவர் "கொடுத்தேன்" என்று எழுதுகிறார், மற்றவர் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போடுகிறார். துறைமுகம், பாகங்களைப் பூட்டி வண்டியாக்கும் கூடம், எல்லையில் ஒப்படைக்கும் இடம், தோற்ற படை விட்டுப்போன வாகனக் கிடங்கு, போருக்குப் பின் உபரி விற்பனை என்று இப்படிப்பட்ட இடங்களில்தான் நீங்கள் தேடும் தாள்கள் பிறந்தன.

இதைப் புரிந்துகொண்டால் எண்ணிக்கைக் குழப்பமும் தீரும். செய்தது, அனுப்பியது, வந்து சேர்ந்தது, ஓடியது ஆகிய நான்கும் வெவ்வேறு எண்கள். நூலுக்கு நூல் வேறுபடும் கணக்குகளில் பெரும்பாலானவை பொய்க் கணக்குகள் அல்ல. ஒருவர் அனுப்பியதை எண்ணியிருப்பார், இன்னொருவர் வந்ததை எண்ணியிருப்பார்.

ஸ்டூட்பேக்கர் யூ.எஸ்.6 லாரியை எடுத்துக்கொள்வோம். இரண்டரை டன் வகுப்பு, ஹெர்குலிஸ் ஆறு சிலிண்டர் எஞ்சின். பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் ஸ்டூட்பேக்கர் ஆலையில் உருவானது. இருபதாயிரத்துச் சொச்சத்தை மிச்சிகனில் ரியோ நிறுவனம் செய்தது. இரண்டும் சேர்ந்து 2,19,000-க்குச் சற்று மேல். அமெரிக்கப் படை தன் சொந்த இரண்டரை டன் தேவைக்குப் பெரும்பாலும் ஜி.எம்.சி. லாரியையே வைத்துக்கொண்டது. ஸ்டூட்பேக்கர் லாரிகள் 1941 மார்ச் 11-ல் கையெழுத்தான அமெரிக்காவின் கடன்-குத்தகைச் சட்டத்தின் (நேச நாடுகளுக்குத் தளவாடம் கொடுக்க வழிசெய்த சட்டம்) வழியே அந்த நாடுகளுக்குப் போயின. அவற்றில் மிகப் பெரிய பங்கு சோவியத் யூனியனுக்கு. ஆக, பிறக்கும்போதே வெளிநாட்டுச் சேவைக்கென்று பிறந்த வண்டி இது என்றே சொல்லலாம். இதன் வரலாற்றை அமெரிக்க ஆவணங்களை மட்டும் வைத்து எழுதினால் பாதிக் கதை கூட வராது.

அனுப்பியதெல்லாம் வந்து சேரவில்லை. 1942 ஜூலையில் ஆர்க்டிக் கடல் வழியே சோவியத்துக்குச் சரக்கு கொண்டுபோன பி.க்யூ.17 என்ற கான்வாய் (காவலோடு செல்லும் கப்பல் கூட்டம்) ஜெர்மன் விமானங்களிடமும் நீர்மூழ்கிகளிடமும் சிக்கியது. 24 சரக்குக் கப்பல்கள் மூழ்கின. அவற்றோடு 3,350 வாகனங்கள் கடலடிக்குப் போயின. ஏற்றுமதிப் பட்டியலில் அவை இருக்கும், சோவியத் வரவுப் பதிவேட்டில் இருக்காது.

சோவியத்துக்குப் போன தெற்கு வழியைப் பாருங்கள். ஈரானில் அந்திமெஷ்க், கொரம்ஷஹர் என்ற இரண்டு இடங்களில் வாகனம் பூட்டும் கூடங்கள் இருந்தன. கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை அங்கே பூட்டி வண்டியாக்கினார்கள். முதலில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்தியது. 1943-ல் அமெரிக்க ராணுவம் நேரடியாக எடுத்துக்கொண்டது. ஈரானியத் தொழிலாளர்கள் கடும் வெயிலில் உழைத்து, போர் முடிவதற்குள் 1,80,000-க்கும் மேற்பட்ட வாகனங்களைப் பூட்டித் தந்தார்கள். புதிதாகப் பூட்டிய லாரியிலேயே சரக்கை ஏற்றி, மலைப்பாதை வழியே வடக்கே ஓட்டிப் போய் சோவியத் தரப்பிடம் ஒப்படைத்தார்கள். லாரியும் சரக்கு, லாரிக்குள்ளும் சரக்கு. ஈரானில் பூட்டியவை, சோவியத் மண்ணில் கார்க்கி ஆலை போன்ற இடங்களில் பூட்டியவை, முழு வண்டியாகவே வந்தவை என மூன்று வகை உண்டு. பெட்டியில் போனதை ஒரு பட்டியல் வாகனமாக எண்ணும், இன்னொன்று பாகமாக எண்ணும். எந்தப் பட்டியல் எதைச் செய்கிறது என்று முதலிலேயே பார்த்து விடுங்கள். பிற்பாடு பார்த்தால் எல்லாக் கூட்டலையும் திரும்பப் போட வேண்டிவரும்.

கடைசி எண், அதாவது உண்மையில் ஓடியது, எப்போதும் ஒரு நாளைய நிலவரம். 1945 மே 1 அன்று சோவியத் ராணுவமான செஞ்சேனையிடம் சுமார் 6,64,500 மோட்டார் வாகனங்கள் இருந்தன. அதில் உள்நாட்டு வண்டி 58.1 சதவீதம், கடன்-குத்தகை வண்டி 32.8 சதவீதம், எதிரியிடம் கைப்பற்றியது 9.1 சதவீதம். போர் முழுக்க வந்த மொத்த வண்டிகளின் பங்கு இது என்று பலர் எடுத்து எழுதுகிறார்கள். அது தவறு. அன்றைக்கு உயிரோடிருந்த வண்டிகளின் பங்கு மட்டுமே இது. நான்கு ஆண்டுகளில் எரிந்தது, கவிழ்ந்தது, உதிரி பாகத்துக்காகப் பிரித்தது எதுவும் இதில் சேராது.

இன்னொரு நுணுக்கமும் இங்கே உண்டு. 1943 முதல் கத்யூஷா ராக்கெட் ஏவிகளை யூ.எஸ்.6 சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் ஏற்றுவது வழக்கமாயிற்று. ஏவியை ஏற்றியபின் அந்த வண்டியைத் தேட வேண்டிய இடம் பீரங்கித் துறையின் கணக்கு. லாரிக் கணக்கில் ஓர் எண் திடீரெனக் காணாமல் போனால், அழிந்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் அதற்கு வேறு பெயர் சூட்டிவிட்டார்களா என்று பாருங்கள்.

இதே சங்கதி இந்தியாவிலும் நடந்தது. கனடாவிலிருந்து வந்த ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் சேசிஸ்களின் மேல், டாடாவின் கவசத் தகட்டைப் பூட்டி, ரயில்வே பணிமனைகளில் 'இந்திய மாதிரி சக்கரக் கவச ஊர்தி' செய்தார்கள். நாலாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்ட இவை வட ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா முனைகளில் ஓடின. கனடாவின் ஏட்டில் இது வெறும் சேசிஸ், இந்திய ஏட்டில் கவச வண்டி. இரண்டு ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதவருக்கு, ஆயிரக்கணக்கான கனடிய லாரிகள் மாயமான மாதிரித் தோன்றும்.

இனி புகைப்படம். பலருக்கும் ஆராய்ச்சி ஒரு பழைய படத்தில்தான் தொடங்குகிறது. அதைப் படிக்கக் கற்பதற்குச் செலவிடும் நேரம் வீணாகாது. கனடிய ராணுவ மாதிரி லாரியை வைத்தே சொல்கிறேன். வெளிநாட்டுச் சேவையைப் பொறுத்தவரை இதைவிட நல்ல பயிற்சி வண்டி இல்லை. கனடா போர்க்காலத்தில் செய்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ வாகனங்களில் ஏறத்தாழ பாதி இந்த மாதிரிதான். ஒன்டாரியோவில் விண்ட்சரில் ஃபோர்டும், ஒஷாவாவில் ஜெனரல் மோட்டார்ஸும் ஒரே வரைபடத்தை ஒட்டிச் செய்தன. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா என்று காமன்வெல்த் படைகள் எல்லாம் இதை ஓட்டின. கைப்பற்றிய ஜெர்மானியரும் ஓட்டினர்.

படத்தில் முதலில் முன்கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னே தள்ளி, கீழ்விளிம்பு உள்ளே வாங்கி இருந்தால் அது 13-ஆம் எண் கேபின். 1942 முதல் வந்தது. வெயில் கண்ணாடியில் பட்டு மேலே விமானத்துக்கு மின்னக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சாய்வு. கண்ணாடி நிமிர்ந்து நின்றால் அதற்கு முந்தைய 11 அல்லது 12. இந்த ஒரு பார்வையிலேயே படத்தின் காலத்துக்கு ஒரு கீழ் எல்லை கிடைத்துவிடுகிறது: 13-ஆம் எண் கேபின் உள்ள படம், 1940-ல் பிரிட்டிஷ் படை பிரான்சிலிருந்து பின்வாங்கிய டன்கர்க் படமாக இருக்கவே முடியாது, தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் சரி. அடுத்து ரேடியேட்டர் முன்வலை. கண்கள் சதுரமாக இருந்தால் ஃபோர்டு, சாய்சதுரமாக இருந்தால் செவ்ரலே (ஜெனரல் மோட்டார்ஸின் வண்டி). லாரியின் மாதிரிப் பெயரில் உள்ள சி செவ்ரலேயையும் எஃப் ஃபோர்டையும் குறிக்கும். எண் சுமைத்திறன்: 15 என்றால் 15 ஹண்ட்ரட்வெயிட் (ஒரு டன்னில் இருபதில் ஒரு பங்கு), 30 என்றால் 30 ஹண்ட்ரட்வெயிட், 60 என்றால் 3 டன். கடைசியில் எல் வந்தால் நீள சேசிஸ், எஸ் வந்தால் குட்டை சேசிஸ். ஆக எஃப்60எல் என்றால் ஃபோர்டின் 3 டன் நீள வண்டி. பிரிட்டிஷ் டன் 2,240 பவுண்டு, அமெரிக்க டன் 2,000 பவுண்டு என்பதையும் மறக்க வேண்டாம். இரு நாட்டு அட்டவணைகளை ஒப்பிடும்போது இது காலை வாரிவிடும்.

வண்டி இன்னதென்று தெரிந்தபின் யாருடையது என்ற கேள்வி. இங்கே பெயின்ட்தான் பேசும். பிரிட்டிஷ் போர்த்துறை எண்ணின் முன்னெழுத்து எல் என்றால் லாரி, இசட் என்றால் 15 ஹண்ட்ரட்வெயிட் போன்ற சிறு ட்ரக், எம் என்றால் கார், ஹெச் என்றால் பீரங்கி இழுக்கும் வண்டி. அதற்கு முன்னால் ஒரு சி சேர்ந்து சிஎல், சிஇசட் என்று வந்தால் கனடியப் படை. தென்னாப்பிரிக்க வண்டிகளில் யூ இருக்கும். 1949-ல் பிரிட்டன் எல்லா ராணுவ வண்டிகளுக்கும் புது எண் கொடுத்தது: இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, மறுபடி இரண்டு இலக்கம். அப்படி ஓர் எண் தெரிந்தால் அந்தப் படம் போர்க்காலப் படமே அல்ல. ஜெர்மன் பக்கம் டபிள்யூ.ஹெச். தரைப்படை, டபிள்யூ.எல். விமானப்படை, டபிள்யூ.எம். கடற்படை. ஃபின்லாந்துப் படை எண்கள் எஸ்.ஏ. என்று தொடங்கும். அமெரிக்க வண்டியில் பானெட்டின் பக்கவாட்டில் உள்ள எண்ணின் முதல் இலக்கமே வகையைக் காட்டிவிடும். 4 என்று தொடங்கினால் இரண்டரை டன் வகுப்பு. எண்ணின் முடிவில் எஸ் இருந்தால் ரேடியோ இரைச்சலை அடக்கிய வண்டி என்று பொருள்.

வெள்ளை நட்சத்திரத்தை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். போரின் பிற்பகுதியில் அது எல்லா நேச நாட்டுப் படைகளுக்கும் பொது அடையாளமாகிவிட்டது. நட்சத்திரம் கண்டவுடன் அமெரிக்க வண்டி என்று எழுதிய தலைப்புகள் காப்பகங்களிலேயே நிறைய இருக்கின்றன.

படைப்பிரிவுச் சின்னம் கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம். இத்தாலியில் போரிட்ட போலந்தின் இரண்டாம் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படை) இதற்கு நல்ல உதாரணம். போலந்து வீரர்கள், பிரிட்டிஷ் தளவாடம். எண்ணை மட்டும் பார்த்தால் பிரிட்டிஷ் வண்டி என்றே முடிவுகட்டிவிடுவோம். வார்சாவின் வாளேந்திய கடற்கன்னிச் சின்னத்தைக் கண்டால்தான் போலந்து வண்டி என்று புரியும். அந்தக் கோரின் 22-ஆம் பீரங்கித் தளவாடக் கம்பெனி வோய்டெக் என்ற கரடியை வளர்த்ததும், கரடி குண்டைச் சுமந்து வரும் படத்தைத் தன் சின்னமாக்கி லாரிகளில் வரைந்ததும் பலருக்குத் தெரிந்த கதை. ஆய்வாளருக்கு அந்தக் கரடி வெறும் கதை அல்ல. அந்தச் சின்னம் தெரியும் ஒவ்வொரு படமும் எந்தக் கம்பெனி, எந்த முனை என்பதை உடனே சொல்லிவிடுகிறது. அதற்கப்புறம் லண்டனில் உள்ள போலந்து நிறுவனம்-சிகோர்ஸ்கி அருங்காட்சியகத்தின் காப்பகத்துக்கு எழுதும்போது என்ன கேட்பது என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

கைப்பற்றிய லாரிகளுக்கு வேறு வகைப் பொறுமை வேண்டும். 1940-ல் பிரான்சிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்களை விட்டுவிட்டுப் போனது. ஜெர்மானியர் பிற நாட்டுத் தளவாடங்களின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்துப் போட்டார்கள்: இ என்றால் இங்கிலாந்து, எஃப் என்றால் பிரான்ஸ், ஆர் என்றால் ரஷ்யா, டி என்றால் செக், ஏ என்றால் அமெரிக்கா. ஆனால் எஃப் என்று கண்டதெல்லாம் போர்க்களத்தில் பிடித்தது என்று நினைத்துவிடக் கூடாது. ரெனோ, சிட்ரோயன், பெஜோ ஆலைகள் ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மன் படைக்கென்றே புதிதாக லாரிகள் செய்தன. பிடித்ததும் செய்வித்ததும் ஒன்றல்ல. ஆவணங்களும் வேறு வேறு இடத்தில் இருக்கும்.

1941-ல் ஜெர்மன் படை ரஷ்யாவுக்குள் நுழைந்தபோது சுமார் 2,000 வகை வாகனங்களை வைத்துக்கொண்டு திண்டாடியது என்பது அடிக்கடி எழுதப்படும் செய்தி. உங்களுக்கு வேண்டியது அந்தத் திண்டாட்டம்தான். நன்றாக ஓடும் லாரியைப் பற்றிக் கடிதம் எழுத யாருக்கும் நேரமில்லை. உதிரி பாகம் கிடைக்காமல் நின்றுபோன லாரியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். பணிமனையின் புகார்க் கடிதம், உதிரி பாகக் கோரிக்கை, கழித்துக்கட்டும் அறிக்கை ஆகிய மூன்றும்தான் ஒரு வெளிநாட்டு லாரியின் உண்மையான வாழ்க்கை வரலாறு என்பது என் உறுதியான கருத்து. எந்தப் பாகம் முதலில் போனது, மாற்றுக்கு எதை வைத்து ஒப்பேற்றினார்கள், எத்தனை வண்டியைப் பிரித்து எத்தனை வண்டியை ஓட்டினார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

அதனால் காப்பகங்களில் லாரியின் பெயரைப் போட்டுத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். லாரியை வைத்திருந்த அலகின் (படைப்பிரிவின்) பெயரைப் போட்டுத் தேடுங்கள். லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தில் போர் நாட்குறிப்புகள் (அலகுகள் நாள்தோறும் எழுதிய பதிவுகள்) முனைவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: டபிள்யூ.ஓ. (போர்த்துறை ஆவண வரிசை) 167 பிரான்ஸ் 1939-40, 169 மத்திய கிழக்கு, 170 இத்தாலி, 171 வடமேற்கு ஐரோப்பா, 172 தென்கிழக்கு ஆசியா. அங்கே போக்குவரத்துக் கம்பெனிகளையும் வாகனக் கிடங்குகளையும் பணிமனைகளையும் பாருங்கள். 1942 அக்டோபரில் பணிமனை வேலையின் பெரும்பகுதி ராணுவத் தளவாடப் பிரிவிலிருந்து புதிதாக உருவான மின்-இயந்திரப் பொறியாளர் பிரிவுக்குப் போய்விட்டது. எனவே அதற்கு முன்னும் பின்னும் வேறு வேறு பெயரில் தேட வேண்டும். கனடாவின் தேசிய நூலகமும் காப்பகமும் சேர்ந்த நிறுவனத்தில் பாதுகாப்புத் துறைத் தொகுதி ஆர்.ஜி. (ஆவணத் தொகுதி எண்) 24. வாஷிங்டன் பக்கம் தளவாடத் துறைத் தலைமையின் ஆவணங்கள் ஆர்.ஜி. 156. ஜெர்மன் ராணுவ ஆவணங்கள் ஃப்ரைபுர்க்கில். போருக்குப் பின் அமெரிக்கர் எடுத்த மைக்ரோஃபிலிம் பிரதிகள் அமெரிக்கத் தேசியக் காப்பகத்தில் ஆர்.ஜி. 242. சோவியத் பக்கம் பொடோல்ஸ்கில் உள்ள பாதுகாப்பு அமைச்சகக் காப்பகம். அதன் போர் நாட்குறிப்புகள் பலவும் 'பாம்யாத் நரோதா' இணையதளத்தில் படங்களாகவே கிடைக்கின்றன. பிரான்சுக்கு வின்சென் நகரில் உள்ள ராணுவக் காப்பகம். ஃபின்லாந்து ராணுவம் தன் போர்க்காலப் படங்கள் சுமார் 1,60,000-ஐ 2013-ல் இணையத்தில் திறந்துவிட்டது. பிடிபட்ட சோவியத் லாரிகளைப் பார்க்க அதுபோல் ஒரு புதையல் இல்லை.

கையேடுகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்க ராணுவத்தின் 1943-ஆம் ஆண்டு டி.எம். 9-2800 கையேடு அன்றைய எல்லா வாகனங்களையும் படத்தோடு ஒரே இடத்தில் தருகிறது. உதிரி பாகப் பட்டியல்களுக்கு ஜி எண் உண்டு: ஜி-508 ஜி.எம்.சி. இரண்டரை டன், ஜி-630 ஸ்டூட்பேக்கர், ஜி-506 செவ்ரலே ஒன்றரை டன். எந்த சேசிஸ் எண்ணிலிருந்து எந்தப் பாகம் மாறியது என்று அந்தப் பட்டியலில் இருக்கும். படத்தில் தெரியும் ஒரு சிறு மாற்றத்தை வைத்து வண்டியின் காலத்தைக் கணிக்க அதுவே போதும்.

வண்டியே கையில் இருந்தால், வண்டியில் ஆணியடித்திருக்கும் எண் தகட்டை மட்டும் நம்பாமல் சேசிஸில் அடித்த எண்ணைத் தேடுங்கள். தகடு நான்கு ஆணியில் நிற்கிறது. எந்த வண்டியிலிருந்தும் எந்த வண்டிக்கும் போகும். எஞ்சின் எண் அதைவிட மோசம், ஏனென்றால் போர்ப் பணிமனைகள் எஞ்சினை மொத்தமாகக் கழற்றிப் புதுப்பித்த வேறொன்றைப் போட்டு அனுப்பின. சேசிஸ் எண், எஞ்சின் எண், தகட்டு எண் மூன்றும் பொருந்தாவிட்டால் வருத்தப்பட வேண்டாம். அது போலி வண்டி என்று அர்த்தமில்லை, உழைத்த வண்டி. பழைய பெயின்டை ஒவ்வொரு அடுக்காக மெதுவாகத் தேய்த்து எடுத்தால் சில சமயம் மூன்று நாட்டு நிறங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அதைப் படமெடுக்காமல் அடுத்த அடுக்குக்குப் போகாதீர்கள்.

போருக்குப் பிந்தைய வாழ்க்கையைத்தான் ஆய்வாளர்கள் அதிகம் கைவிட்டிருக்கிறார்கள். நெதர்லாந்து, நார்வே, டென்மார்க், பெல்ஜியம் எல்லாம் தங்கள் படைகளை மறுபடி கட்டியது இந்த உபரி லாரிகளை வைத்துத்தான். பிரெஞ்சுப் படையில் ஜி.எம்.சி. லாரி பல பத்தாண்டுகள் ஓடியது. 1948 பாலஸ்தீனப் போரில் எருசலேம் செல்லும் சாலையில் கவசம் பூட்டிப் போன லாரிகளின் எலும்புக்கூடுகள் இன்றும் சாலையோரம் நிற்கின்றன. இந்தக் காலத்துக்கு ராணுவக் காப்பகத்தைவிட நிதித்துறை ஆவணங்கள்தான் கைகொடுக்கும், ஏனென்றால் விலை பேசி விற்றார்கள். அமெரிக்க உபரியை வெளிநாடுகளில் விற்க வெளிநாட்டுக் கலைப்பு ஆணையர் என்று ஒரு தனி அலுவலகமே இருந்தது. அதன் ஒப்பந்தங்களில் எந்தக் கிடங்கு, என்ன நிலை, எத்தனை வண்டி, யாருக்கு என்பது வரும்.

கடைசியாக வேலை முறை பற்றி ஒன்று. ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில், அதை எழுதியவர் லாரியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பணிமனைச் சார்ஜென்ட் எழுதியது, டிவிஷன் தலைமையகம் எழுதியது, அமைச்சகம் எழுதியது, ஐம்பது ஆண்டு கழித்து ஒரு நூலாசிரியர் எழுதியது, நான்கும் ஒரே எடையல்ல. காப்பகத்துக்கு முதல் கடிதம் எழுதும்போது "இந்த லாரியைப் பற்றி உங்களிடம் என்ன இருக்கிறது" என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றே பதில் வரும். படத்தின் பிரதி, நீங்கள் படித்த எண், ஊகிக்கும் அலகு, மாதம், இடம் இவற்றைக் கொடுத்து, அந்த அலகின் அந்த மாத நாட்குறிப்பையும் அதோடு சேர்ந்த வாகனப் பட்டியல் இணைப்பையும் கேளுங்கள். இணைப்பு என்று தனியாகக் குறிப்பிடுவது முக்கியம். பிரதி எடுக்கும்போது நாட்குறிப்பை மட்டும் எடுத்து இணைப்பை விட்டுவிடுவது வழக்கம், லாரிகள் இருப்பதோ பெரும்பாலும் அந்த இணைப்பில்தான்.